தறி போனால் நெசவாளர் என்ன ஆவார்?

ஒரு தொழிலாளியின் தொழில் எங்கே இருக்கிறது? அவருடைய கையிலா, அவர் நின்று வேலை செய்யும் இயந்திரத்திலா? ஆலை மூடப்பட்ட மறுநாள், நேற்றுவரை நூற்பாளராக இருந்தவரை இன்று என்னவென்று அழைப்பது? தொழிற்சங்கங்களும் நீதிமன்றங்களும் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் இந்தக் கேள்விகளுக்கு, நம் வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் விளையாடும் ஒரு விளையாட்டும் தனக்கே உரிய முறையில் விடை வைத்திருக்கிறது. அந்த விடையைச் சற்று நிதானமாகப் பார்த்தால், மதுரைக்குத் தெற்கே கப்பலூர் போன்ற தொழிற்பேட்டைகளில் வேலை இழப்போரின் நிலை கூடுதலாகப் புரிகிறது.

அந்த விளையாட்டின் பெயர் மைன்கிராஃப்ட். ஸ்வீடனின் மொஜாங் நிறுவனம் உருவாக்கியது. 2009இல் முதன்முதலாகப் பொதுவெளிக்கு வந்து, 2011இல் முழு வடிவம் பெற்றது. 2014இல் மைக்ரோசாஃப்ட் இந்த நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. இதுவரை 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கும் இந்த விளையாட்டில், வென்றே தீர வேண்டிய எதிரி என்று எவரும் இல்லை. கனசதுரக் கட்டிகளால் ஆன உலகம் ஒன்று கொடுக்கப்படும். அதில் மண்ணைத் தோண்டலாம், மரத்தை வெட்டலாம், வீடு கட்டலாம், பயிர் செய்யலாம். அந்த உலகில் ஆங்காங்கே கிராமங்கள் உண்டு; கிராமங்களில் மனிதர்களும் உண்டு. அவர்களை இயக்குவது கணினி. விளையாடுபவர் அவர்களோடு மரகதக் கற்களைக் கொடுத்துப் பண்டமாற்று செய்துகொள்ளலாம்.

பொருளால் வரும் தொழில்: 2019 ஏப்ரலில் வெளியான ஒரு மேம்பாடு இந்தக் கிராமவாசிகளின் வாழ்க்கையை மாற்றியமைத்தது. அதன்படி, அவர்களுக்குத் தொழில் பிறப்பால் வருவதில்லை, தொழிற்கருவியால் வருகிறது. வேலையற்ற ஒருவர் அருகில், வேறு எவருக்கும் உரிமையாகாத தறி ஒன்று இருந்தால், அவர் அதை நோக்கி நடந்துசென்று கம்பளி விற்கும் இடையர் ஆகிவிடுவார். நூல் வைத்துப் படிக்கும் சாய்மேசை இருந்தால் நூலகர் ஆவார். சாணைக்கல் ஆயுதக் கொல்லரை உருவாக்கும். கல்லறுக்கும் கருவி கொத்தரை உருவாக்கும். பீப்பாய் மீனவரையும் கொப்பரை தோல் தொழிலாளியையும் உருவாக்கும். இப்படி 13 தொழில்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி. ஒரு கருவிக்கு ஒருவர்தான் உரிமையாளர்.

கருவி அடையாளத்தை மட்டும் தருவதில்லை. கிராமவாசி விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அளவு உண்டு. கையிருப்பு தீர்ந்துவிட்டால், அவர் தம் கருவி இருக்கும் இடத்துக்குச் சென்று வேலை செய்தால்தான் மீண்டும் சரக்கு நிரம்பும். விளையாட்டின் ஒரு நாளில் அதிகபட்சம் இரண்டு முறை இப்படி நிரப்பிக்கொள்ளலாம். தொடர்ந்து வணிகம் செய்யச் செய்ய அவர் புதியவர் என்னும் படியிலிருந்து, பயில்பவர், தேர்ந்தவர், வல்லவர் எனப் படிப்படியாக உயர்ந்து, ஐந்தாம் படியில் ஆசான் ஆகிறார்.

அனுபவம் என்னும் பூட்டு: இனி, அந்தக் கருவியை எவரேனும் உடைத்துவிட்டால் என்ன ஆகும்? இங்கேதான் விளையாட்டின் விதி இரண்டாகப் பிரிகிறது.

இதுவரை ஒருமுறைகூட வணிகம் செய்யாத புதியவராக இருந்தால், அவர் தம் தொழிலை இழந்து மீண்டும் வேலையற்றவர் ஆகிவிடுவார். அடுத்து எந்தக் கருவி கிடைக்கிறதோ அந்தத் தொழிலுக்குப் போய்விடுவார். நேற்று நூலகர், இன்று மீனவர். அவருக்குப் பெரிய இழப்பு இல்லை.

ஒருமுறையேனும் வணிகம் செய்தவரின் நிலை வேறு. அவருடைய தொழிற்பெயர் நிலைத்துவிடும். மேசை உடைந்தாலும் அவர் நூலகர்தான். அவர் அணிந்திருக்கும் உடையும் மாறாது. ஆனால், சரக்கு ஒருமுறை தீர்ந்தால் நிரப்ப இடமில்லை. பக்கத்திலேயே யாருக்கும் உரிமையாகாத தறி இருந்தாலும் அவர் அதைத் தொட மாட்டார். மற்றொரு சாய்மேசை கிடைத்தால்தான் அவருக்கு வாழ்வு. அதையும் சுமார் 48 கட்டித் தொலைவுக்குள்தான் அவரால் தேடிக் கண்டுபிடிக்க முடியும். ஆசான் நிலைக்கு உயர்ந்தவருக்கும் இதே விதிதான். பெயர் இருக்கிறது, திறன் இருக்கிறது, வேலை இல்லை.

வேலையின்மை என்பது ஒரே நிலை அல்ல என்பதை இந்த எளிய விதி காட்டிவிடுகிறது. புதியவரின் வேலையிழப்பு வேறு. அனுபவசாலியின் வேலையிழப்பு வேறு. முன்னவருக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டும். பின்னவருக்கு அவருடைய வேலை வேண்டும்.

விதியில் மற்றொரு நுட்பமும் உண்டு. இந்தக் கிராமங்களில் எந்தத் தொழிலையும் ஏற்க முடியாத ஒரு பாத்திரத்தையும் படைத்திருக்கிறார்கள். பச்சை அங்கி அணிந்த அவரிடம் எந்தக் கருவியைக் கொடுத்தாலும் பயனில்லை. அவரைத் தவிர, வேலையின்றி அலையும் வயதுவந்த கிராமவாசி ஒவ்வொருவரும் கருவி இல்லாததால் மட்டுமே அலைகிறார். சோம்பல், தகுதியின்மை, முயற்சிக் குறைவு ஆகியவை அங்கே காரணங்கள் அல்ல. வேலையற்றோரைப் பற்றிப் பேசும்போது நாம் எளிதில் மறந்துவிடும் செய்தி இது.

உடைத்தவருக்குத் தண்டனை இல்லை: இந்த விதிகளை விளையாடுவோர் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. நூலகர்கள் விற்கும் சில மந்திர நூல்கள் மிகவும் மதிப்பு வாய்ந்தவை. எந்த நூலகர் எந்த நூலை விற்பார் என்பது தற்செயலாக அமைவது. ஆகவே, விளையாடுவோர் ஒரு புதிய நூலகரைச் சிறு அறையில் அடைத்து, அவர் முன் மேசையை வைக்கிறார்கள். வேண்டிய நூல் வரவில்லையெனில் மேசையை உடைக்கிறார்கள், மீண்டும் வைக்கிறார்கள், மீண்டும் உடைக்கிறார்கள். விரும்பிய நூல், விரும்பிய விலையில் கிடைக்கும்வரை இது தொடர்கிறது. கிடைத்தவுடன் ஒரே ஒரு வணிகம் செய்து அவரை அந்தத் தொழிலிலேயே நிலைநிறுத்திவிடுகிறார்கள். இப்படி வரிசையாக அடைக்கப்பட்ட கிராமவாசிகளைக் கொண்ட ‘வணிகக் கூடங்கள்’ இந்த விளையாட்டில் மிகவும் பிரபலம்.

கிராமவாசியை அடித்தால் விளையாடுபவரின் நற்பெயர் கெடும், விலைகள் உயரும், அச்செய்தி பிற கிராமவாசிகளுக்கும் பரவும். ஆனால், அவருடைய மேசையை எத்தனை முறை உடைத்தாலும் நற்பெயருக்கு எந்தக் குறையும் நேராது. உடலுக்கு ஏற்படும் காயத்தைத் தீங்காகக் கணக்கிடும் விளையாட்டு, பிழைப்புக்கு ஏற்படும் காயத்தைத் தீங்காகவே கருதுவதில்லை. அவர்கள் உயிரற்ற பாத்திரங்கள். எனவே அங்கே அநீதி ஏதும் இல்லை. அதே கணக்கு உயிருள்ள மனிதர்களிடமும் செல்லுபடியாகும்போதுதான் நாம் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

கப்பலூரின் கருவிகள்: மதுரையிலிருந்து திருமங்கலம் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது கப்பலூர். வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் சுங்கச்சாவடியால் தெரிந்திருக்கும். மதுரை வட்டாரத்துத் தொழிலாளர்களுக்கோ அது இரண்டு காரணங்களால் தெரியும். ஒன்று, கருமுத்து தியாகராசச் செட்டியார் 1936இல் நிறுவிய தியாகராஜர் மில். மற்றொன்று, தமிழ்நாடு சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோவின் தொழிற்பேட்டை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் மதுரை ரயில் நிலையத்தின் அருகே தொடங்கிய ஆலையிலிருந்து கணக்கிட்டால், இந்த வட்டாரத்தில் இயந்திரத்தின் முன் நின்று பிழைக்கும் மரபுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வயது.

இத்தகைய இடத்தில் ஒரு சிறு நிறுவனம் மூடப்படுவதாக வைத்துக்கொள்வோம். அங்கே ஆறு மாதத்துக்கு முன் உதவியாளராகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இருக்கிறார். இருபது ஆண்டுகளாகக் கடைசல் இயந்திரத்தை இயக்கிய ஒருவரும் இருக்கிறார். இளைஞர் அடுத்த மாதம் உணவு விநியோகம் செய்யலாம், துணிக்கடையில் நிற்கலாம், திருப்பூருக்குப் பேருந்து ஏறலாம். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு அந்த அனுபவமே தடையாகிறது. இரும்பின் ஓசையைக் கேட்டே பிழையைக் கண்டுபிடிக்கும் அவருடைய காதுக்குத் துணிக்கடையில் விலை இல்லை. வேறு வேலைக்குப் போனால் அவர் மீண்டும் முதல் படியில் நிற்க வேண்டும். ஊதியமும் முதல் படிக்கு உரியதாகவே இருக்கும். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் வீட்டுக் கடனும் முதல் படிக்கு இறங்கி வருவதில்லை.

ஆலையை இழந்த ஓர் ஊர்: வேலையிடம் போனால் ஒருவருக்கு ஊதியம் மட்டுமா போகிறது? இதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்கள் மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகில் மரியந்தால் என்னும் சிற்றூர் ஒரே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது அந்த ஆலை மூடப்பட, ஏறத்தாழ ஊரே வேலையிழந்தது. ஆய்வாளர்கள் அங்கே தங்கி, மக்கள் என்ன உண்கிறார்கள், எப்படி நடக்கிறார்கள், நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்றெல்லாம் குறித்துக்கொண்டனர். 1933இல் அந்த ஆய்வு நூலாக வெளிவந்தது.

வேலை இல்லாததால் நேரம் பெருகியிருக்கும், மக்கள் கூடுதலாகப் படித்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கத் தோன்றும். நடந்தது நேர்மாறு: ஊர் நூலகத்தில் எடுக்கப்பட்ட நூல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆண்களின் நடை தளர்ந்தது. அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களால் கோவையாகச் சொல்ல இயலவில்லை. வீட்டு வேலைகளைத் தொடர்ந்து செய்துவந்த பெண்களின் நாளுக்கு மட்டும் ஒழுங்கு எஞ்சியிருந்தது. வேலை என்பது ஊதியத்தோடு சேர்த்து, நாளுக்கு ஓர் ஒழுங்கையும் சக மனிதர்களோடு உறவையும் சமூகத்தில் ஓர் இடத்தையும் தருகிறது என்று யஹோடா பின்னாளில் விளக்கினார். மைன்கிராஃப்டின் கிராமத்திலும், மற்றவர்கள் தத்தம் கருவிகளிடம் செல்லும் நேரத்தில் வேலையற்றவர் இலக்கின்றித் திரிந்துகொண்டிருப்பார்.

சட்டம் எங்கே நிற்கிறது: இந்தியச் சட்டம், விளையாட்டைப் போல், கருவி உடைவதைக் காணாமல் இருந்துவிடவில்லை. அவசரநிலைக் காலமான 1976இல் தொழில் தகராறுகள் சட்டத்தில் ஒரு புதிய அத்தியாயம் சேர்க்கப்பட்டது. 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகள் ஆட்குறைப்புச் செய்யவோ மூடவோ அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்றது அது. 1980களில் அந்த வரம்பு 100 ஆகக் குறைக்கப்பட்டது. ஆட்குறைப்புக்கு முன் அனுமதி கோரும் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1992இல் அளித்த தீர்ப்பு, ‘மீனாட்சி மில்’ வழக்கு என்றே சட்டநூல்களில் அறியப்படுகிறது. இந்தியத் தொழிலாளர் சட்டத்தின் முக்கியமான தீர்ப்பு ஒன்று மதுரை ஆலையின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, முன் அனுமதிக்கான வரம்பை மீண்டும் 300 ஆக உயர்த்தியிருக்கிறது. இதைத் தொழிற்சங்கங்கள் எதிர்ப்பதும் தொழில்துறையினர் வரவேற்பதும் நாம் அறிந்ததே. ஆனால், இந்த விவாதத்தில் விடுபட்டுப்போகும் உண்மை ஒன்று உண்டு. வரம்பு 100 ஆக இருந்தாலும் 300 ஆக இருந்தாலும், பத்துப் பேரும் இருபது பேரும் வேலை செய்யும் ஒரு சிறுதொழிற்கூடத்தை அது தொடப்போவதில்லை. சிட்கோ தொழிற்பேட்டைகள் உருவானதே அத்தகைய சிறு நிறுவனங்களுக்காகத்தான்.

அங்கே எஞ்சியிருப்பது இழப்பீடு மட்டுமே. தொடர்ந்து ஓராண்டு பணியாற்றியவரை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பும், நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் அளிக்க வேண்டும். நிறுவனத்தை மூடினாலும் இழப்பீடு உண்டு. நட்டம், தேங்கிய சரக்கு ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி அதைக் குறைக்க முடியாது. புதிய தொகுப்பின்படி, ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு மறுதிறன் பயிற்சி நிதியாகக் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 15 நாளுக்கான தொகை 45 நாட்களுக்குள் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். இஎஸ்ஐ காப்பீடு பெற்றவர்களுக்காக 2018இல் தொடங்கப்பட்ட அடல் திட்டத்தில், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வாழ்நாளில் ஒருமுறை 90 நாட்கள் வரை சராசரி ஊதியத்தில் பாதியைப் பெற வழி உண்டு. ஆனால், இவையெல்லாம் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கே கைகூடும். ஒப்பந்தக்காரரின் வாய்மொழியில் மட்டும் வேலை செய்பவருக்குத் தாம் அங்கே வேலை செய்தோம் என்று நிறுவுவதே முதல் போராட்டம்.

இந்த ஏற்பாடுகள் அனைத்தும் வேலையிழந்தவரைப் புதியவராகவே கருதுகின்றன. சிறிது பணம், சிறிது பயிற்சி, பிறகு எந்த வேலையாவது. இருபது ஆண்டு அனுபவத்தை 15 நாள் ஊதியத்தில் வேறொரு திறனாக மாற்றிக்கொள்ளலாம் என்பது, ஆசான் நிலையில் உள்ள நூலகரைத் தறி முன் நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

நாற்பத்தெட்டு கட்டித் தொலைவு: அனுபவசாலிக்கான விடையை அதே விளையாட்டு சொல்லிவிடுகிறது. எட்டும் தொலைவில் அதே கருவி இன்னொன்று இருந்தால் போதும். அவர் மறுநாளே ஆசானாகத் தம் இடத்துக்குத் திரும்பிவிடுவார். பயிற்சி தேவையில்லை, படியிறக்கமும் இல்லை.

ஒரு தொழிற்பேட்டையின் உண்மையான பயன் இதுவே. மலிவான நிலம், தடையில்லா மின்சாரம், சாலை வசதி ஆகியவற்றுக்காகவே தொழிற்பேட்டைகள் அமைக்கப்படுவதாக எண்ணுகிறோம். தொழிலாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரு கூடம் மூடப்பட்டாலும் அடுத்த தெருவில் அதே கடைசல் இயந்திரம் இன்னொரு கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே அதன் பெரிய பாதுகாப்பு. வீட்டை மாற்ற வேண்டியதில்லை. பிள்ளைகளின் பள்ளியை மாற்ற வேண்டியதில்லை. பேருந்துகூட மாற வேண்டியதில்லை. ஆகவே, தொழிற்பேட்டையில் ஒரு மனை கைமாறும்போது அங்கே உற்பத்தி தொடர்கிறதா, அல்லது அது வெறும் கிடங்காக மாறுகிறதா என்பது நிலம் சார்ந்த கேள்வி மட்டுமல்ல. வேலை சார்ந்த கேள்வியும்கூட. மனை ஒதுக்கீட்டிலும் கைமாற்ற அனுமதியிலும், அதே தொழிலைத் தொடர்பவருக்கும் பழைய தொழிலாளர்களை ஏற்பவருக்கும் முன்னுரிமை தருவது நியாயமானது.

இதற்கான கூறுகள் சட்டத்தில் ஏற்கெனவே சிதறிக் கிடக்கின்றன. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில், நொடித்த நிறுவனத்தை இயங்கும் நிலையிலேயே விற்க வழி உண்டு. சொத்துகள் கலைக்கப்பட்டால், தொழிலாளர்களின் 24 மாத நிலுவை, பிணையுள்ள கடன்காரர்களுக்கு இணையான இடத்தில் வைக்கப்படுகிறது. சிறு, குறு நிறுவனங்களுக்காகவே எளிமையான மறுசீரமைப்பு முறை ஒன்று 2021இல் கொண்டுவரப்பட்டது. ஆட்குறைப்புச் செய்த நிறுவனம் ஓராண்டுக்குள் மீண்டும் ஆள் எடுத்தால் பழையவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது புதிய தொகுப்பு. சான்றிதழ் இல்லாமல் வேலையிலேயே கற்றுக்கொண்ட திறனைச் சோதித்துச் சான்று வழங்கும் முறையும் மத்திய அரசின் திறன் திட்டத்தில் இருக்கிறது. ஆனால், நட்டத்தில் தத்தளிக்கும் ஒரு சிறு முதலாளிக்கு இவற்றை எடுத்துச் சொல்லி வழிகாட்ட அருகில் ஒருவர் வேண்டும். அதுவரை இயந்திரங்கள் பழைய இரும்பின் விலைக்கு எடை போடப்படுவதை எவராலும் தடுக்க முடியாது.

எந்த ஆலையும் என்றென்றும் ஓட வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. தொழில்நுட்பம் மாறும், சந்தை மாறும், நட்டத்தில் இயங்கும் கூடத்தைத் தொடர்ந்து நடத்துமாறு ஒரு சிறு முதலாளியைக் கட்டாயப்படுத்துவதும் நீதியாகாது. பல சிறுகூடங்களில் முதலாளியும் தொழிலாளிகளோடு சேர்ந்து எண்ணெய்க் கறையுடன் நிற்பவர்தான். கூடம் மூடப்படும்போது அவரும் தம் கருவியை இழக்கிறார். ஆகவே, யார் உடைத்தார்கள் என்று தேடுவதைக் காட்டிலும், உடைந்த இடத்துக்கு அருகில் இன்னொன்று இருக்கிறதா என்று பார்ப்பதே முதற்கடமை.

அந்தக் கடமை அரசுக்கு உண்டு, சிட்கோவுக்கு உண்டு, கடன் கொடுத்த வங்கிகளுக்கும் உண்டு. கப்பலூரில் ஒரு கூடம் மூடப்படும்போது, அங்கே என்னென்ன இயந்திரங்கள் இருந்தன, எவர் எத்தனை ஆண்டுகள் அவற்றை இயக்கினார், அதே இயந்திரம் பேட்டையில் வேறு எங்கே இருக்கிறது என்ற மூன்று விவரங்களையும் ஒரே பதிவேட்டில் எழுதிவைத்து, கூடம் பூட்டப்படுவதற்கு முன்பே அந்தத் தொழிலாளர்களிடம் கொடுக்க முடிந்தால், அதுவே நல்ல தொடக்கமாக இருக்கும்.